பதினொன்று நாலு

குமுளியில் மழை பக்கவாட்டில் வரும்.
போட்டோ ஸ்டுடியோவுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ்:
இரண்டு மேசை, ஒரு இன்வெர்ட்டர்,
ஏலக்காய் வாசம் போகாத திரைச்சீலை.
ஜன்னலைத் திறந்தால் செக்போஸ்ட்.
கம்பத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு,
இந்தப் பக்கம் கேரளம்,
நடுவில் கட்டஞ்சாயா குடிக்கும் ஒரு போலீஸ்காரர்.

ஏல நாளில் விலைப் பக்கத்தை
நிமிடத்துக்கு நாலாயிரம் பேர் திறப்பார்கள்.
அத்தனை பேரும் உள்ளே போய்த் தட்டினால்
தரவுத்தளம் படுத்துவிடும்.
அதனால் ஒரு நகல் எடுத்து வாசலில் வைத்தேன்.
ஆயுள் முப்பது நிமிடம் என்று எழுதியவள் நான்.
ஏன் முப்பது என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.
வட்டமான எண்ணாக இருந்தது.

அந்தச் செவ்வாய்,
பதினொன்று நாலுக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
பதினொன்று ஆறுக்கு ஏலம் எகிறியது:
இரண்டாயிரத்து நூற்றுப் பதினைந்து.
தரவுத்தளத்துக்குத் தெரியும்.
நகலுக்குத் தெரியாது.
கேட்டவர்க்கெல்லாம் பதினொன்று நாலின் உண்மையை
முகம் மாறாமல் சொல்லிக்கொண்டே இருந்தது.

சக்குபள்ளத்தில் ஒச்சம்மாள்,
குத்தகைக் காடு முக்கால் ஏக்கர்,
போனைப் பார்த்தாள்.
வாங்க வந்த ஈப்பச்சனும் தன் போனைப் பார்த்தான்.
இரண்டிலும் ஒரே விலை.
ஒரே விலை என்றால் சரியான விலைதானே.
அறுபது கிலோ ஜீப்பில் ஏறியது.
பதினொன்று முப்பத்து நாலுக்கு
நகல் செத்துப் புது விலை வந்தபோது
ஜீப் ஆனவிலாசம் தாண்டியிருந்தது.

இருநூற்று எழுபத்தைந்து, பெருக்கல் அறுபது.
பெருக்காதே என்று சொல்லிக்கொண்டே பெருக்கினேன்.
பதினாறாயிரத்து ஐந்நூறு.

ரசாக் ராவுத்தர், முதலாளி,
உத்தமபாளையத்திலிருந்து கூப்பிட்டார்.
"கேஷ்லதான் பிரச்சினை" என்றேன்.
"நான் யாருக்கும் கேஷா கொடுக்கலியேம்மா."
"இது வேற கேஷ். அதை அழிக்கணும் அண்ணே."
கொஞ்ச நேரம் லைனில் மழை மட்டும் கேட்டது.
"எவ்வளவை?"

ராத்திரி உட்கார்ந்தேன்.
விலை மாறினால் நகலை அழி, பிறகு உள்ளே எழுது.
சுலபம்.
அழித்ததற்கும் எழுதியதற்கும் இடையில்
வண்டன்மேட்டில் யாரோ பக்கத்தைத் திறந்தார்கள்.
வாசலில் நகல் இல்லை. உள்ளே போய்
இன்னும் மாறாத பழைய விலையை எடுத்துவந்து
வாசலில் வைத்துவிட்டார்கள்,
புத்தம்புது முப்பது நிமிடத்தோடு.
கோழி லாரிக்குக் கம்பம் உயர்கிற நேரத்தில்
பின்னால் ஒட்டிக்கொண்டு நுழையும் பைக் போல.

சரி, முதலில் எழுது.
எழுதியது நின்றதென்று தெரிந்த பின் அழி.
அப்போதும் ஒரு சந்து:
முன்பே உள்ளே போன ஒருவன்
பழையதைக் கையில் வைத்துக்கொண்டு
ஆடி அசைந்து வெளியே வருகிறான்.
அழிப்பதையே விட்டேன்.
புது விலையை வரிசை எண் போட்டு நானே வாசலில் வைத்தேன்.
சின்ன எண் பெரிய எண்ணின் மேல் உட்காரக் கூடாது.
அந்தச் செய்தியே வழியில் தொலைந்தால்?
முப்பது நிமிடத்தை இருபது நொடியாக்கினேன்.
ஜன்னலில் வெளிச்சம்.
கூலிக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு
கம்பத்து ஜீப்புகள் மலையேறி வந்துகொண்டிருந்தன.

ஜீப்பில் போன அறுபது கிலோவுக்கு மட்டும்
வரிசை எண் போட முடியவில்லை.

ஒச்சம்மாள் கூப்பிட்டது வியாழக்கிழமை.
திட்டுவாள் என்று எழுந்து நின்றே எடுத்தேன்.
"இப்பக் காட்டுதே, இது எப்ப உள்ளது?"
வாயெடுத்தேன்.
சொல்லி முடிப்பதற்குள் அதுவும் பழசாகிவிடும்.

விலைக்குக் கீழே சின்ன எழுத்தில்
நேரத்தைச் சேர்த்தேன், நொடியோடு.
ராவுத்தருக்குப் பிடிக்கவில்லை.
"பாக்குறவன் சந்தேகப்படுவான்ல?"

படட்டும்.